சாத்தான் மேல் பழி போடாதீர்கள்

உலகத்திலேயே பயங்கரமான சங்கீதம் எது என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் டூம் மெட்டல் என்பார்கள். அது எப்படிப் பிறந்தது என்று கேட்டால், ஐம்பது வருடமாகப் பாதிரிமார் பலர் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: சாத்தான். பாவம், செய்யாத குற்றத்துக்கு அவரும் எத்தனை காலம்தான் பேச்சு வாங்குவார்? உண்மையான குற்றவாளி ஓர் அம்மா. இங்கிலாந்தில், பேர்மிங்ஹாம் நகரத்தின் அஸ்டன் பகுதியில் வாழ்ந்த திருமதி அயோமி.

வருடம் 1965. மகன் டோனிக்குப் பதினேழு வயது. தகர வேலை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வெல்டிங் பையன். அன்றைக்குத்தான் வேலையில் கடைசி நாள். அடுத்து கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பா போய் ஸ்டார் ஆவதாகப் பிளான். பகல் சாப்பாட்டுக்கு வந்தவன், இனி அந்தப் பக்கம் திரும்பிப் போகப்போவதில்லை என்று அறிவித்தான். அம்மாமார் உலகம் முழுக்க ஒரே யூனியன். எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று விரட்டிவிட்டார்.

போனான். பிரஸ் மெஷினில் வழக்கமாக நிற்கிற ஆள் அன்று லீவு. பழக்கமில்லாத பையனைப் பிடித்து அதில் நிறுத்தினார்கள். மெஷின் இறங்கியது. பயத்தில் கையை இழுத்தான். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் மெஷினோடு போயிற்று. டோனி இடதுகைக்காரர்; கிட்டார்க் கம்பிகளை அழுத்த வேண்டியதே அந்த வலது கைதான். வேலை நேரத்தில் தப்பி ஓடாதே என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறவர்கள், தயவுசெய்து இந்தப் பந்தியை அவர்களுக்குக் காட்டாதீர்கள்.

இந்தப் பேர்மிங்ஹாம் நமக்கு அந்நிய ஊர் இல்லை. 1903இல் ஜோன் சம்னர் என்ற மளிகைக்காரர் டைஃபூ தேயிலையை விற்கத் தொடங்கியது அங்கேதான். இலங்கைத் தேயிலையை நம்பி வளர்ந்த கம்பனி அது. அந்த ஊர் பகல் சாப்பாட்டுக்கு மேல் ஊற்றிக்கொண்டதில் நம்ம மலைக் கொழுந்துக்கும் பங்கு உண்டு. வழக்குப் போடுவதென்றால் நம்மையும் மூன்றாம் எதிரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி வாசிக்கவே முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பையன் மூலையில் உட்கார்ந்துவிட்டான். அப்போது தொழிற்சாலை ஃபோர்மன் ஒரு ரெக்கோர்ட்டோடு வந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற மேதை வாசித்தது. தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கிப் போன பிறகும் ஐரோப்பாவையே ஆட்டிப் படைத்த மனிதர். டோனிக்கு ரோஷம் வந்தது. எழுந்தார். வரலாற்றில் இடம்பிடிக்கப் போகும் வீரர் நேராக எங்கே போனார்? பாத்திரம் கழுவுகிற ஃபெயரி லிக்விட் போத்தலைத் தேடிப் போனார்.

அந்தப் பிளாஸ்டிக் போத்தலை உருக்கி, உருண்டையாக்கி, சூட்டுக்கம்பியால் துளை போட்டு, தேய்த்து வழவழப்பாக்கி, பழைய ஜாக்கெட்டிலிருந்து தோலை வெட்டி மேலே ஒட்டினார். விரல் நுனிக்கு ஒரு தொப்பி ரெடி. தொப்பி போட்ட விரலுக்குக் கம்பி இருப்பதே தெரியாது. சாதாரணக் கம்பியை அழுத்தவும் வலு போதாது. ஆகவே பேன்ஜோவுக்குப் போடுகிற மெல்லிய கம்பியைக் கிட்டாரில் மாட்டினார். அதுவும் போதாமல், பிற்பாடு அவர் பேண்ட் 1971இல் போட்ட மூன்றாவது அல்பத்தில் சுருதியையே மூன்று அரைச்சுரம் கீழே இறக்கிவிட்டார். கம்பி தளர்ந்தது, விரல் பிழைத்தது, சத்தம் பூமிக்குக் கீழே போனது. கறுப்பு டீஷர்ட் போட்ட லட்சோப லட்சம் இளைஞர்கள் இன்றைக்கும் பாதாளத்தின் குரல் என்று கண்மூடி லயிப்பது, அடிப்படையில் ஒரு டிஷ்வோஷ் போத்தலின் குரலைத்தான்.

டூம் மெட்டல் என்றால் என்ன என்று இன்னும் சொல்லவில்லையே. ஹெவி மெட்டல் பெற்ற பிள்ளைகளில் பாதி வேகமாக ஓடிப் போய்விட, எனக்கு அவசரமில்லை என்று பின்னால் தங்கிவிட்ட பிள்ளை இது. ட்ரம்ஸ் ஓர் அடி அடிக்கும். நீங்கள் எழுந்து போய் அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டு வரலாம். அடுத்த அடி அப்போதுதான் விழும்.

சரி, டோனிக்கு பேண்ட் வேண்டும். பேர்மிங்ஹாம் மியூசிக் கடை ஒன்றில் ஒரு விளம்பரம் தொங்கியது: ஒஸி ஸிக் என்ற பாடகருக்குச் சந்தர்ப்பம் தேவை, சொந்தமாக பி.ஏ. சிஸ்டம் உண்டு. டோனியும் ட்ரம்மர் பில் வார்டும் தேடிப் போனார்கள். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் டோனிக்கு முகம் செத்துவிட்டது. ஸ்கூலில் கோமாளித்தனம் பண்ணித் திரிந்த அதே ஜோன் ஒஸ்போர்ன். இவனுக்குப் பாட வராதே என்று நண்பரிடம் முணுமுணுத்துவிட்டுத் திரும்பி வந்தார். ஆனால் மைக்கும் ஸ்பீக்கரும் யாரிடம் இருக்கிறதோ அவர்தானே பாடகர்? நம்ம ஊர்த் திருவிழாவிலும் அதுதான் சட்டம்.

ஒஸியின் முந்தைய அனுபவச் சான்றிதழ்கள் அபாரம். கார் ஹோர்ன் செய்யும் தொழிற்சாலையில் நாள் முழுக்க ஹோர்ன் அடித்து அடித்துச் சுருதி பார்க்கிற வேலை. அப்புறம் மாடறுக்கும் இடத்தில் வேலை. நடுவில் திருட்டு. கைரேகை பதியக் கூடாது என்று கையுறை போட்டுக்கொண்டுதான் திருடப் போனார், அந்தளவுக்கு முன்னெச்சரிக்கை. என்ன, அந்தக் கையுறையில் விரல் பகுதி இல்லை. பிடிபட்டார். அபராதம் கட்டக் காசு இல்லை. அப்பா கட்ட மறுத்துவிட்டார்; உள்ளே இருந்தால் புத்தி வரும் என்றார். வின்சன் கிரீன் சிறையில் ஆறு வாரம். வெளியே வந்ததும் அதே அப்பாதான் கடன்பட்டு மகனுக்கு அந்த பி.ஏ. சிஸ்டத்தை வாங்கிக் கொடுத்தார். புத்தி யாருக்கு வந்தது என்று நீங்களே முடிவுசெய்யுங்கள்.

பேஸ் வாசித்த கீசர் பட்லர் வீட்டில் நல்ல பிள்ளை. ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம், கணக்காளர் படிப்பு, சைவச் சாப்பாடு. அவர் வீட்டுக் கதவை ஒஸி முதன்முதலாகத் தட்டிய காட்சியைக் கீசரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தோளில் புகைபோக்கி சுத்தம் பண்ணுகிற பிரஷ். காலில் செருப்பு இல்லை. கையில் நாய் கட்டுகிற கயிறு. கயிற்றின் மறுமுனையில் நாய்க்குப் பதிலாக ஒரு சப்பாத்து. இப்படி ஒருவர் எங்கள் மலைநாட்டுக் கந்தப்பளை டவுனில் நடந்திருந்தால் பஸ் ஸ்டாண்டு தாண்டுவதற்குள் பொலிஸ் வந்திருக்கும். கீசர் உள்ளே வரச் சொன்னார்.

1968இல் பேண்ட் தொடங்கியது. முதல் பெயர் போல்கா டல்க் புளூஸ் பேண்ட். இந்தப் பெயர் ஒஸி அம்மாவின் டல்கம் பவுடர் டின்னிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி; நம்ம பக்கத்து ஆட்கள் நடத்திய துணிக்கடைப் பலகையிலிருந்து வந்தது என்று இன்னொரு கட்சி. எதுவானாலும் பவுடர், துணி இரண்டில் ஒன்றுதான், நரகம் இல்லை. பிறகு பெயரை ஏர்த் என்று மாற்றினார்கள். ஊரில் இன்னொரு ஏர்த் இருந்தது. அவர்களை எதிர்பார்த்தவர்கள் முன்னால் இவர்கள் போய் நிற்கிற கூத்தெல்லாம் நடந்தது. மூன்றாவது பெயர் தேடவேண்டி வந்தது.

பயிற்சி எடுத்த இடத்துக்கு எதிரே ஒரு தியேட்டர். மாரியோ பாவா எடுத்த 1963ஆம் வருட இத்தாலியப் பேய்ப்படம் ஓடுகிறது. ஆங்கிலத்தில் அதன் பெயர் பிளாக் சபாத். வாசலில் கியூ. பையன்கள் யோசித்தார்கள்: பயப்படுவதற்குச் சனங்கள் காசு கொடுக்கிறார்களே, நாம் ஏன் பயமுறுத்தும் பாட்டுப் போடக் கூடாது? படத்தின் பெயரே பேண்டின் மூன்றாவது பெயராயிற்று. இருளின் தூதர்கள், நரகத்தின் நால்வர் என்றெல்லாம் பின்னால் பட்டம் வாங்கியவர்களின் ஞானோதயம் இதுதான். இதை இன்றைக்கு மார்க்கெட் ரிசர்ச் என்பார்கள். கொழும்பில் அதற்கென்றே கோட் போட்ட ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கணக்கு சரியான கணக்குத்தான். அடுத்தவனுக்குக் கஷ்டமாக இருக்கிற எதையும் காசாக்கலாம் என்பதற்குக் கந்தப்பளையே சாட்சி. நம்ம ஆட்கள் ராப்பகலாக நின்று கொழுந்து அரைத்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை மூடிக் கிடந்து, 1996இல் ஹொட்டேலாகத் திறந்தது. பழைய மெஷின்களைத் தூக்கி எறியவில்லை, அழகுக்கு வைத்திருக்கிறார்கள். எந்த மெஷின் பக்கத்தில் நிற்காமல் தப்பிப்போம் என்று ஒரு தலைமுறை ஏங்கியதோ, அதன் பக்கத்தில் படுத்துத் தூங்க இப்போது டொலர் கட்டுகிறார்கள்.

முதல் அல்பம் 1969 அக்டோபர் 16ஆம் திகதி லண்டனில் ஒரே நாளில் பதிவானது. ஏதோ ஆவேசம் வந்து ஒரே மூச்சில் முடித்தார்கள் என்று ரசிகர்கள் உருகுவார்கள். கொடுத்த காசுக்கு ஸ்டூடியோவில் அவ்வளவு நேரம்தான் கிடைத்தது. வெளியானது 1970 பெப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. ஆங்கிலேயருக்கு ராகு காலமும் எமகண்டமும் சேர்ந்து வந்த மாதிரியான நாள். அட்டைக்கு உள்ளே தலைகீழ்ச் சிலுவை. அதை யார் போட்டது? அட்டை தயாரித்தவர்கள். பேண்டைக் கேட்கவே இல்லை. சாத்தானின் சீடர்கள் என்று உலகம் இவர்களைத் தீர்மானித்தது, இவர்கள் பார்க்காத ஒரு டிசைனை வைத்து.

அட்டையின் முன்பக்கம் இன்னும் சுவாரசியம். பழைய தண்ணீர் மில்லுக்கு முன்னால், பனிக்குள், கறுப்புப் போர்வையோடு ஒரு பெண். சூனியக்காரி என்றார்கள். பேய் என்றார்கள். படம் எடுக்கும்போது அப்படி ஒருத்தி அங்கே இருக்கவேயில்லை, கழுவின பிறகுதான் தெரிந்தாள் என்றுகூடக் கதை கட்டினார்கள். ஐம்பது வருடம் கழித்து 2020இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை ஆளைக் கண்டுபிடித்தது. லூயிசா லிவிங்ஸ்டன், மொடல். அவர் ஞாபகத்தில் நின்றது ஒன்றே ஒன்று: அதிகாலைக் குளிர் தாங்க முடியவில்லை. பனி? அது புகை மெஷின் விட்டது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் சார்பாக ஒரு பெருமூச்சு. ஆறாயிரம் அடிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறோம். கோர்ட் லொட்ஜ் பக்கம் போகிற பஸ்ஸுக்குப் பகல் ரெண்டு மணிக்கே லைட் போட வேண்டியிருக்கிறது. ராகலை ரோட்டில் எதிரே வருவது லொறியா, மாமனா என்று ஹோர்ன் அடித்த பிறகுதான் தெரியும். இவ்வளவு பனியையும் நூறு வருடமாக வீணாக்கிவிட்டோமே! உருளைக்கிழங்குக்குக் கருகல் நோய் வந்ததுதான் மிச்சம்.

இனி அந்த முதல் பாட்டு. பேண்டின் பெயர், அல்பத்தின் பெயர், பாட்டின் பெயர் மூன்றுமே பிளாக் சபாத். ஒரு பெயரை யோசித்துப் பிடித்ததே பெரும் பாடு, அதை மூன்று தரம் உபயோகிக்காமல் விடுவார்களா? மழை, மணியோசை, அப்புறம் மூன்றே சுரம். கீசர் பட்லர் ஹோல்ஸ்ட் என்ற ஆங்கில இசையமைப்பாளரின் செவ்வாய்க் கிரக இசையைப் பேஸில் தட்டிக்கொண்டிருக்க, அதைக் கேட்ட டோனி மறுநாள் இந்த மூன்று சுரத்தோடு வந்தார். நடுக்கம் வருவது மூன்றாவது சுரத்தில். மேல்நாட்டில் அதை ட்ரைடோன் என்பார்கள். இடைக்காலத்தில் கத்தோலிக்கச் சபை இதைத் தடை செய்தது, வாசித்தவர்களைக் கொளுத்தியது, ஏனென்றால் இதைக் கேட்டால் சாத்தான் எழுந்து வருவான் என்று மெட்டல் உலகம் முழுக்க நம்புகிறது.

நல்ல கதை. சபை அப்படி ஒரு தடை போட்டதற்கு ஆதாரம் இல்லை. வாசித்ததற்காக யாரும் எரியவும் இல்லை. இசைக்குள் சாத்தான் என்ற பட்டமே பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில இசை வாத்தியார்கள் எழுதி வைத்தது. கோரஸ் பாடும் பிள்ளைகளுக்கு அந்த இடைவெளி தொண்டையில் சரியாக விழாது என்பதுதான் அவர்கள் தலைவலி.

நமக்கோ இதில் இன்னும் பெரிய தமாஷ் இருக்கிறது. சட்ஜத்திலிருந்து எண்ணிப் பாருங்கள், அந்தப் பயங்கரச் சுரம் எது? பிரதி மத்யமம். எழுபத்திரண்டு மேளகர்த்தாவில் சரிபாதி, முப்பத்தாறு ராகத்தில் அது குடியிருக்கிறது. அறுபத்தைந்தாவது மேளமான கல்யாணிக்கு உயிரே அதுதான். தாலி கட்டுகிற வீட்டு நாதஸ்வரத்தில் கல்யாணி. கோயில் ஸ்பீக்கரில் விடியற்காலை வருகிற ஜனனி ஜனனி பாட்டும் கல்யாணி. பேர்மிங்ஹாமில் எந்தச் சுரத்தைக் கேட்டு ஆட்கள் சிலுவையைத் தேடினார்களோ, அதே சுரத்தைக் கேட்டு நம்ம பாட்டிமார் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். சாத்தானுக்கு இதைவிட ஒரு அவமானம் வேண்டுமா?

சிலுவை என்றதும் ஞாபகம் வருகிறது. நால்வரும் கழுத்தில் பெரிய பெரிய சிலுவை தொங்கவிட்டிருப்பார்கள். மதத்தைக் கேலி பண்ணுகிறார்கள் என்று சபை கொதித்தது. விஷயம் என்னவென்றால், சூனிய மந்திரக் கூட்டம் ஒன்று கச்சேரி வாசிக்கக் கூப்பிட்டு, இவர்கள் மறுத்து, அவர்கள் சாபம் விட்டுவிட்டார்களாம். பையன்கள் நடுங்கிப் போனார்கள். ஒஸியின் அப்பா, ஆம், அதே அப்பாதான், தான் வேலை செய்த தொழிற்சாலையில் உலோகத்தில் சிலுவை வெட்டி ஆளுக்கொன்று மாட்டிவிட்டார். உலகத்தையே பயமுறுத்திய பேண்ட், அப்பா கட்டிவிட்ட தாயத்தோடு மேடை ஏறியது.

கீசர் கொஞ்ச காலம் தன் வீட்டுச் சுவருக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, மாந்திரீகப் புத்தகம் வாசித்து, பெரிய ஆளாகப் பார்த்தார். ஒருநாள் இரவு கட்டிலின் காலடியில் ஒரு கறுப்பு உருவம் நிற்பதைப் பார்த்தார். அன்றோடு ஆராய்ச்சி முடிந்தது.

பிறகு பணம் வந்தது, புத்தி போனது. இரண்டாவது அல்பத்தில் இடம் மிஞ்சியது என்று இருபது இருபத்தைந்து நிமிடத்தில் அவசரமாகப் போட்ட பாட்டு பரனாய்ட். அதுதான் இன்றுவரை அவர்கள் பெரிய ஹிட். யோசித்து யோசித்துச் செய்தவற்றையெல்லாம் சனங்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. 1972இல் நாலாவது அல்பத்துக்கு லொஸ் ஏஞ்சலஸில் ஒரு மாளிகை எடுத்தார்கள். பதிவுச் செலவு அறுபதாயிரம் டொலர், கொக்கெய்ன் செலவு எழுபத்தையாயிரம் டொலர் என்று கணக்குச் சொல்கிறவர் கீசர். கணக்காளர் படிப்பு வீண்போகவில்லை.

அந்த மாளிகையில் ஒருநாள் ஒஸி புழுக்கம் தாங்காமல் ஏசி சுவிட்ச் என்று நினைத்து ஒரு பட்டனை அழுத்தினார். அது பொலிஸுக்குப் போகிற அலாரம். எல்லாரும் அத்தனை தூளையும் கழிவறையில் கொட்டி ஓடித் திரிந்தார்கள். இன்னொரு நாள் போதையில் கிடந்த பில் வார்டுக்கு உடம்பெல்லாம் தங்கப் பெயின்ட் பூசினார்கள். பில்லுக்கு வலிப்பு வந்து ஆம்புலன்ஸ் வந்தது. இருளின் இசைக்கு இதைவிட வெளிச்சமான ஒரு காட்சி கிடையாது.

1979இல் ஒஸியை விலக்கினார்கள். அவர் தனியாகப் போய் இன்னும் பிரபலமானார். 1982 ஜனவரி 20ஆம் திகதி டெ மொயின் நகர மேடையில் வௌவால் தலையைக் கடித்தார் என்ற செய்தியை, மெட்டல் என்றால் என்னவென்றே தெரியாத உங்கள் சித்தப்பாகூடக் கேட்டிருப்பார். ரசிகர் யாரோ எறிந்ததை ரப்பர் பொம்மை என்று நினைத்துக் கடித்துவிட்டதாக ஒஸியே சொன்னார். அசுர வேள்வி முடிந்த கையோடு ஆஸ்பத்திரியில் வரிசையாக ரேபீஸ் ஊசி.

மிச்சப் பேர் சும்மா இருந்தார்களா? 1983 டூருக்கு மேடையில் ஸ்டோன்ஹெஞ்ச் கல்தூண் செட் வேண்டும் என்று யோசனை. அளவு எழுதிக் கொடுத்ததில் அடிக்கும் மீற்றருக்கும் குழப்பம். வந்து இறங்கிய கல் மூன்று மடங்கு பெரிசு. பல மண்டபங்களுக்குள் நுழையவே இல்லை. அடுத்த வருடம் வெளியான ஸ்பைனல் டாப் என்ற கிண்டல் படத்தில் இதே ஸ்டோன்ஹெஞ்ச், பதினெட்டு அடிக்குப் பதில் பதினெட்டு அங்குலத்தில் வந்து இறங்கும். நிஜமும் கேலியும் இவ்வளவு பக்கத்தில் இருந்தால் எழுதுகிறவனுக்கு என்ன வேலை?

இந்த நால்வரும் தெரியாமல் செய்துவைத்ததை, தெரிந்தே செய்யக் கிளம்பியவர்கள்தான் டூம் மெட்டல்காரர்கள். அண்டர்கிரவுண்ட் என்பார்கள். சிலருக்கு அது நிஜமாகவே நிலத்துக்குக் கீழே. அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் 1971இல் பென்டகிராம் பேண்டைத் தொடங்கிய பொபி லீப்ளிங், பல காலம் பெற்றோர் வீட்டின் அடித்தளத்தில்தான் குடியிருந்தார். முழு நீள முதல் அல்பம் எப்போது வந்தது? 1985. பதினாலு வருடம்! நடுவில் கிஸ் பேண்டின் ஜீன் சிமன்ஸும் போல் ஸ்டான்லியும் தேடி வந்து இவர்கள் வாசிப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். எதிர்காலத் திட்டம் என்ன என்று டூம் பேண்டைக் கேட்கக் கூடாது. பாட்டுக்கு நடுவில் அவர்கள் விடுகிற இடைவெளிதான் அவர்கள் நாட்காட்டியிலும்.

கலிஃபோர்னியாவின் செயின்ட் வைட்டஸ், சபாத்தின் நாலாவது அல்பப் பாட்டிலிருந்து பெயர் எடுத்தது. மின்னல் வேக பங்க் பேண்டுகளோடு ஒரே மேடையில் ஆமை வேகத்தில் வாசித்தார்கள். கூட்டம் துப்பியது. இன்னும் மெதுவாக வாசித்தார்கள். ஸ்வீடனின் கேண்டில்மாஸ் 1986இல் எபிகஸ் டூமிகஸ் மெட்டாலிகஸ் என்று லத்தீன் வேடம் போட்ட ஒரு தலைப்போடு வந்தது. எந்தப் பூசகருக்கும் புரியாத லத்தீன். அந்த அல்பத்தின் நடுப்பெயரே இந்த வகைச் சங்கீதத்துக்கு ஒட்டிக்கொண்டது என்பார்கள். விற்கவில்லை என்று கம்பனி அவர்களைக் கழற்றிவிட்டது. பின்னால் வந்த பாடகர் மெசையா மார்கொலின் துறவி அங்கி போட்டுக்கொண்டு மேடையில் குதித்தார். அங்கிக்குள் இருந்த சரீரம் துறவுக்கு ஒத்துழைத்ததாகத் தெரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பைத்தியக்காரர்கள் ஸ்லீப். சான் ஹொசே பையன்கள் மூவர். லண்டன் ரெக்கோர்ட்ஸ் என்ற பெரிய கம்பனி அட்வான்ஸ் கொடுத்தது. அந்தப் பணத்தில் மலை மாதிரி அம்ப்ளிஃபயர் செய்வித்தார்கள், மிச்சத்தைக் கஞ்சாவாகப் புகைத்தார்கள். பிறகு கம்பனியிடம் அல்பத்தைக் கொடுத்தார்கள். ஒரே பாட்டு. அறுபத்து மூன்று நிமிடம். கஞ்சா குருமார் பாலைவனத்தில் நாசரேத்துக்கு நடந்து போகிற கதை. ரேடியோவில் எப்படிப் போடுவது என்று கம்பனி தலையில் கைவைத்தது, வெளியிட மறுத்தது. பேண்ட் கலைந்தது. 2003இல் டோப்ஸ்மோக்கர் என்ற பெயரில் முழுசாக வந்தபோது அதைக் காவியம் என்றார்கள். பெல் விட்ச் என்ற சியாட்டில் இருவர் 2017இல் எண்பத்து மூன்று நிமிடத்தில் ஒரே பாட்டுப் போட்டு அதையும் தாண்டினார்கள். நுவரெலியாவிலிருந்து பஸ் ஏறி, கந்தப்பளையில் இறங்கி, வீட்டுக்கு நடந்து, தேத்தண்ணி குடித்து முடித்தாலும் முதல் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

சபாத் கைவிட்ட ஏர்த் என்ற பெயர் ஞாபகம் இருக்கிறதா? இருபது வருடம் கழித்து அமெரிக்கப் பையன்கள் அதைப் பொறுக்கி எடுத்துத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். அந்த ஏர்த்தைக் கும்பிட்டு 1998இல் உருவானது சன் என்ற பேண்ட். சூரியன் என்று அவசரப்பட்டு அர்த்தம் பண்ணாதீர்கள். அது ஓர் அம்ப்ளிஃபயர் பிராண்ட். மேடையில் ட்ரம்ஸே கிடையாது. துறவி அங்கி, முக்காடு, முன்னால் இருக்கிறவர் தெரியாத அளவுக்குப் புகை, அரைமணி நேரத்துக்கு ஒரு சுரம். ரசிகர்கள் டிக்கெட் வாங்கி உள்ளே வந்து காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார்கள்.

இதிலும் மெதுவாக ஒரு பிரிவு உண்டு, ஃபியூனரல் டூம். சவ ஊர்வல வேகம். ஃபின்லாந்தின் ஸ்கெப்டிசிசம் பேண்ட் கோட் சூட் போட்டுக்கொண்டு, ஓர்கனோடு, அசையாமல் துக்கம் கொண்டாடும். நான் இதைக் கேட்டுவிட்டு நம்ம தோட்டத்துச் சாவு வீட்டை நினைத்துச் சிரித்துவிட்டேன். இங்கே தப்பு எவ்வளவு வேகமாக அடிக்கும்! லயத்து முற்றத்திலிருந்து சுடுகாடு வரை ஆட்டம், பட்டாசு. நாம் உண்மையான சாவுக்குக் குத்தாட்டம் போடுகிறோம். அவர்கள் யாருமே சாகாமல் அழுகிறார்கள்.

நமக்கு டூம் வேறு நேரத்தில் கேட்டது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், விடியாத இருட்டில், வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குக் கூப்பிடத் தப்படிப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு எழுந்து பெரட்டுக்களம் போகாவிட்டால் பெயர் விழாது, பெயர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. பனி, இருட்டு, குளிர், தூரத்தில் ஒரு கனத்த அடி. மேல்நாட்டு பேண்டுகள் இலட்சக்கணக்கில் செலவழித்து உண்டாக்கப் பார்க்கிற அத்தனையும் கங்காணி இலவசமாகக் கொடுத்தார். அதைக் கேட்டு யாரும் கண்மூடி லயித்ததாகச் செய்தி இல்லை.

இந்தப் பக்கத்தில் டூம் இல்லாமலும் இல்லை. பெங்களூரில் பேவர் சீ என்ற பேண்ட் 2012இல் முதல் அல்பம் போட்டது. ஸ்டைலான ஆங்கிலப் பெயர் என்று நினைத்தால், கன்னடத்தில் அதைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், ஆனால் கன்னடக்காரர் முன்னால் சொல்லாதீர்கள். கொழும்பில் ஸ்டிக்மாட்டா போன்ற மெட்டல் பேண்டுகள் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அடித்து நொறுக்குகின்றன. வெயிலில் வேர்த்துக்கொண்டு மெட்டல் வாசிக்கிறார்கள். பனி இருக்கிற ஊர்க்காரர் நாம் போர்வைக்குள் இருக்கிறோம்.

சபாத் கதையின் கடைசிப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், அதில் மட்டும் என்னால் அதிகம் கேலி பண்ண முடியவில்லை. 2025 ஜூலை 5ஆம் திகதி, தாங்கள் ஓடித் திரிந்த அதே அஸ்டனில், வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் இருபது வருடத்துக்குப் பிறகு ஒன்றாக வாசித்தார்கள். பார்க்கின்சன் நோயால் ஒஸிக்கு நிற்க முடியவில்லை. சிம்மாசனம் போட்டு உட்காரவைத்தார்கள். இருளின் இளவரசர் என்ற பட்டத்துக்கு ஐம்பது வருடம் கழித்துத்தான் நாற்காலி கிடைத்தது. கச்சேரியின் இலாபம் பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கும், ஒரு சிறுவர் ஆஸ்பத்திரிக்கும், சாகப்போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்துக்கும் என்று அறிவித்தார்கள். சாத்தான் கணக்கை எப்படி டாலி பண்ணினாரோ. பதினேழு நாள் கழித்து, ஜூலை 22ஆம் திகதி, ஒஸி போய்ச் சேர்ந்தார். வயது எழுபத்தாறு. அவர் செய்த கூத்துக்கு நாற்பதே அதிகம் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

ஆகவே பார்க், கொன்கோர்டியா, கோர்ட் லொட்ஜ் தோட்டத்துத் தம்பிமாரே, ஒரு வேண்டுகோள். புகை மெஷின் வேண்டாம், சன்னலைத் திறந்தால் போதும். அங்கி வேண்டாம், தாத்தாவின் கம்பளி இருக்கிறது. கனத்த அடிக்குத் தப்பு இருக்கிறது. பிரதி மத்யமம் கோயில் நாதஸ்வரக்காரரிடம் கடன் கிடைக்கும். விரல்கள் பத்தும் இருந்தால் குறையில்லை, டோனி எட்டை வைத்துக்கொண்டு சமாளித்தார். சீக்கிரம் ஒரு பேண்டைத் தொடங்கி, மெதுவாக வாசியுங்கள். பெயர் எது வேண்டுமானாலும் வையுங்கள்; ஏர்த் மட்டும் வேண்டாம், அதற்கு ஏற்கனவே மூன்று பேர் உரிமை கொண்டாடிவிட்டார்கள்.